கிளப் பாட்டும் அம்மன் பாட்டும்

புது ஸ்பீக்கர் வாங்கியதும் பலர் தேடுவது பெண் குரல் ஜாஸ். கடைக்காரர் டயானா க்ராலைப் போட்டுக் காட்டுவார், அடுத்து நோரா ஜோன்ஸ் வருவார். சுகமா இருக்கும், ஆனா தூக்கமும் வரும். துள்ளல் வேண்டுமென்றால் எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1960 பெர்லின் கச்சேரிப் பதிவைக் கேட்கலாம். பாட்டு வரி மறந்துபோய், மேடையிலேயே புதிதாகக் கட்டிப் பாடிச் சமாளித்து, அதற்கே கிராமி விருதும் வாங்கிய மகராசி. ஆனால் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு இந்த ஓசை புதிதல்ல. நம் பாட்டிமார் காலத்தில் அதற்கு வேறு பெயர்: கிளப் டான்ஸ் பாட்டு.

எலா பிறந்தது 1917இல். ஜாஸின் முதல் இசைத்தட்டு வந்ததும் அதே வருடம்தான் (கறுப்பின மக்களின் இசையை முதலில் தட்டில் ஏற்றியது ஒரு வெள்ளையர் குழு என்பது தனி வயிற்றெரிச்சல்). அந்த 1917இல்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. தொடங்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்பட்டவர்களின் சந்ததி உருவாக்கிய இசையையும் நம் தோட்ட வாழ்வையும் ஒரே கயிற்றில் கட்ட ஆசை வரும். அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல, அவசரப்பட வேண்டாம். லயத்துக்குள் ஜாஸ் வந்தது கோடம்பாக்கம் வழியாக.

1958இல் ‘உத்தம புத்திர’னுக்காக ஜி. ராமநாதன் போட்ட ஆட்டப் பாட்டில் ஜிக்கி, ஜமுனாராணி குரல்கள் மேற்கத்தியத் தாளத்தில் குதித்தன. 1964இல் ‘கருப்புப் பணம்’ வந்தது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடும் கிளப் பாட்டைக் கேளுங்கள். சொல்லைத் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தவிட்டு, பிறகு எட்டிப் பிடிக்கிறார். ஸ்விங் என்று ஜாஸ்காரர்கள் சொல்லும் வித்தை அதுதான். சினிமா அந்த வித்தையை யாருக்குக் கொடுத்தது? கதாநாயகிக்கு அல்ல, கையில் கோப்பையோடு ஆடுகிறவளுக்கு. ஒரு பெண் குரல் கூச்சமில்லாமல் சந்தோஷப்பட வேண்டுமென்றால் அவள் கெட்டவளாக இருக்க வேண்டும் என்பது கோடம்பாக்கத்தின் கணக்கு. குடும்பங்கள் அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டன. ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் கால் தாளம் போடும், வாய் “என்ன பாட்டு இது” என்று திட்டும்.

இதே ஈஸ்வரிதான் பிறகு மாரியம்மன் திருவிழாக்களின் குரலானார். கோயில் ஒலிபெருக்கியில் அவர் பாடினால் சாமி வரும். தொண்டை ஒன்றுதான், அதே அழுத்தம், அதே துள்ளல். பம்பையும் உடுக்கையும் பக்கத்தில் வந்ததும் மரியாதையும் வந்துவிட்டது! ஈஸ்வரி ஜாஸ் பாடகியா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிளப் பாட்டுகளில் அவர் செய்தது எலாவின் பக்கத்து வீட்டு வேலை.

அதை இசையாக மதிக்காமல் போனதற்கு ரேடியோவும் ஒரு காரணம். டபுள் பேஸின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிரும். டிரான்சிஸ்டர் பெட்டியின் உள்ளங்கை அளவு ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. மேலே பாடுகிற குரலும் டிரம்பெட்டும் மட்டும் வரும், கீழே நடந்துகொண்டே இருக்கும் பேஸ் காணாமல் போகும். கோயில் ஹார்ன் ஒலிபெருக்கியிலும் அதே கதை. பாட்டின் பாதியைக் கேட்டுத்தான் அதைக் குப்பை என்றோம்.

இப்போது வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரில் ‘கருப்புப் பணம்’ பாட்டை முதலில் போடுங்கள், பெர்லின் எலா பிறகு. நம் பக்கத்திலேயே இன்னொருவர் வேண்டுமென்றால் மலாய்ப் பாடகி சலோமா இருக்கிறார். ஈஸ்வரியின் பதிவு அந்தக் கால மோனோ என்பதால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார இடம் தேட வேண்டியதில்லை. பேஸை மட்டும் ரொம்ப ஏற்றாதீர்கள், குரல் அமுங்கிடும்.