தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் (சிட்ரா): நிதி நிர்வாகம்

கோவையில் 1956-இல் நூற்பாலைகளின் முயற்சியால் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில் இயங்குகிறது.

இதன் பணம் பல வழிகளில் வருகிறது. கணக்குக் காட்டும் கடமையும் அவ்வாறே பிரிகிறது. ஆலைகளின் சந்தாவும் சோதனைக் கட்டணமும் சிட்ரா நிர்வாகத்துக்குட்பட்டவை. அரசு மானியத்துக்கோ பொது நிதி விதிகள் 2017 பொருந்தும்: நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் 12-அ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். மருத்துவ ஜவுளிக்கான சிறப்பு மையம் போன்ற திட்டங்களின் நிதி வேறு கணக்குத் தலைப்பில் நிற்கும். ஒரே கருவி இம்மூன்று தலைப்புகளின் பணிகளுக்கும் பயன்பட்டால் அதன் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பதுதான் இத்தகைய நிறுவனங்களில் உண்மையான சிக்கல். படிவங்களின் எண்ணிக்கை இரண்டாம்பட்சமே.

ஒவ்வொரு செலவுக்கும் வாங்கும்போதே திட்டக் குறியீடு இடுவதும், பொதுச் செலவைப் பகிரும் விகிதத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் முடிவு செய்வதும், சிறு கொள்முதல் அதிகாரத்தை ஆய்வகத் தலைவரிடம் விடுவதும் பயனுள்ள வழிகள். 2025 ஜூனில் மத்திய அரசு, அறிவியல் துறைகளின்கீழ் உள்ள நிறுவனங்களுக்கு விலைப்புள்ளி இன்றி நேரடியாக வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஜவுளி ஆராய்ச்சிக்கும் இத்தகைய தளர்வு உதவும். சோதனைக் கருவியின் உதிரிபாகத்துக்கான ஒப்புதல் தாமதமானால், சாய உறுதிச் சோதனை அறிக்கைக்காகக் காத்திருக்கும் சிறு பின்னலாடை நிறுவனத்தின் ஏற்றுமதித் தேதி தவறும்.