லுக்குட் முதல் தஞ்சோங் துவான் வரை: ஜெட் ஸ்கீயில் கரையோரம் சுற்றுவோர் அறிய வேண்டியவை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சிரம்பான், நீலாய், காஜாங், கிள்ளான் எனப் பல பக்கங்களிலிருந்தும் வாகனங்கள் போர்ட்டிக்சனை நோக்கித் திரும்புகின்றன. அவற்றில் பெரும்பாலானவை லுக்குட்டைக் கடந்துதான் செல்கின்றன. வழியில் தேநீர் குடிக்கவும் பெட்ரோல் போடவும் ஓர் இடம் என்பதே பலருக்கும் லுக்குட். ஆனால் போர்ட்டிக்சன் என்ற பெயர் தோன்றுவதற்கு முன்பே இந்தக் கரையில் பெயர் பெற்றிருந்த ஊர் லுக்குட்தான்.

அண்மை ஆண்டுகளில் தெலுக் கெமாங், பந்தாய் சவுஜானா போன்ற கடற்கரைகளில் ஜெட் ஸ்கீ ஓட்டுவது இளைஞர்களையும் குடும்பங்களையும் ஈர்த்து வருகிறது. வழிகாட்டியுடன் கரையோரமாகச் சென்றால் லுக்குட் ஆற்றுமுகம் முதல் தஞ்சோங் துவான் முனை வரை ஏறத்தாழ 180 ஆண்டு வரலாற்றையும், அதற்கு முந்திய ஒரு கடற்போரின் களத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியும். அதே வேளையில் ஜெட் ஸ்கீ எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் ஏறுவது ஓட்டுபவருக்கும் கரையில் குளிக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. இரண்டையும் அறிந்து செல்வது நல்லது.

லுக்குட்: கோலாலம்பூருக்கு ஆள் அனுப்பிய ஊர்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லுக்குட்டில் ஈயம் தோண்டப்பட்டது. அப்போது இது சிலாங்கூர் சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. 1834இல் சீனச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் இங்கிருந்த மலாய்த் தலைவருக்கும் இடையே ஏற்பட்ட மோதலில் உயிர்ச்சேதம் நிகழ்ந்து, சுரங்கத் தொழில் முடங்கியது.

1846இல் சிலாங்கூர் சுல்தான் முகமட், ரியாவ் புகிஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா ஜுமாட்டிடம் லுக்குட்டை ஒப்படைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1847இல், புக்கிட் காஜா மாத்தி குன்றின் மீது அவர் கோட்டை கட்டினார். சுற்றிலும் அகழி வெட்டி, பீரங்கி வைத்து, ஆற்று வழியாக வரும் பகைவரைக் கண்காணித்தார்கள். ராஜா ஜுமாட் காலத்தில் ஈயம் பெருகியது, வணிகம் வளர்ந்தது, வரி ஒழுங்காக வசூலானது.

1857இல் ராஜா ஜுமாட்டும் அவருடைய தம்பி ராஜா அப்துல்லாவும் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களை லுக்குட்டிலிருந்து அனுப்பினார்கள். அம்பாங் காட்டுக்குள் நுழைந்த அவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதத்தில் மலேரியா கண்டு இறந்தனர். 18 பேரே எஞ்சினர். மீண்டும் ஆள் அனுப்பப்பட்டது. அந்தச் சுரங்கங்களுக்குப் பொருள் இறக்கிய இடத்தில் வளர்ந்த ஊர்தான் கோலாலம்பூர். பின்னாளில் கோலாலம்பூரை உருவாக்கியவர்களுள் முதன்மையாகப் பேசப்படும் யாப் ஆ லோயும் இளமையில் லுக்குட்டில் வேலை செய்தவரே.

1864இல் ராஜா ஜுமாட் இறந்த பிறகு லுக்குட் மெல்ல மங்கியது. 1880இல் சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங் ஆட்சிக்குக் கைமாறி, இன்றைய நெகிரி செம்பிலானின் பகுதியானது.

இரயில் பாதையும் ரப்பரும்

லுக்குட் மங்கிய காலத்தில் அதன் தெற்கே ஒரு துறைமுகம் எழுந்தது. கரி ஏற்றி இறக்கப்பட்டதால் அந்த இடத்தை மக்கள் அராங் என்று அழைத்து வந்தனர். நீரிணைக் குடியேற்றங்களின் காலனியச் செயலாளராக இருந்த சர் ஜான் பிரெடரிக் டிக்சனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது.

ஈயத்துக்குப் பின் வந்த ரப்பர்தான் இந்த வட்டாரத்துக்குத் தமிழர்களைப் பெருமளவில் கொண்டுவந்தது. லின்சம், சுவா பெத்தோங், சுங்காலா, அத்தர்டன், தானா மேரா எனத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒருமுறை லாரியிலோ பேருந்திலோ போய் வந்த கடல் என்றால் அது போர்ட்டிக்சன்தான். இன்றும் ஊர்க்காரர்கள் இடங்களை ஏழாங்கட்டை, எட்டாங்கட்டை என்றே சொல்வது, கரைச் சாலையில் மைல்கல் நட்ட காலத்தின் மிச்சம்.

கடலிலிருந்து தெரிவது

போர்ட்டிக்சன் கரையில் ஜெட் ஸ்கீ பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகிறது. கரைக்கு எதிரே ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். லங்காவியில் நடப்பதுபோல், வழிகாட்டி முன்னே செல்ல, மற்றவர்கள் வரிசையாகப் பின்தொடரும் நீண்ட பயணத்தை விரும்புவோர் நடத்துநரிடம் முன்கூட்டியே பேசி, பாதை, நேரம், திரும்பும் இடம் ஆகியவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்தக் கரையை வடக்கிலிருந்து தெற்காக மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம்.

முதலாவது கோல லுக்குட். ஆற்றுமுகத்தில் மீன்பிடிப் படகுகளும் கடல் உணவுக் கடைகளும் சதுப்புநிலக் காடும் உள்ளன. கோட்டைக் குன்று ஆற்றுக்கு உள்ளே இருப்பதால் கடலிலிருந்து கோட்டையைக் காண முடியாது. ஆனால் ஈயம் ஏற்றிய படகுகள் எந்த வழியாக வெளியே வந்தன என்பது இங்கிருந்து பார்த்தால் புரியும். ஆற்றுமுகம் சேறு நிறைந்தது. நீர் வற்றும் நேரத்தில் ஜெட் ஸ்கீ கொண்டுபோகக் கூடாத இடம்.

இரண்டாவது நகரை ஒட்டிய கரை. துவாங்கு ஜாபார் மின்நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இப்பகுதியில் உள்ளன. எண்ணெய்க் கப்பல்கள் வந்து போகும் இறங்குதுறைகளின் அருகே செல்வதற்கு இடமில்லை. வழிகாட்டி விலகிச் செல்லும்போது பின்னால் வருபவர்களும் அதே கோட்டில் விலக வேண்டும்.

மூன்றாவது தெலுக் கெமாங்கைத் தாண்டித் தஞ்சோங் துவான். போர்த்துகீசியர் இதைக் கபோ ரச்சாடோ, அதாவது பிளந்த முனை என்று அழைத்தனர். நிலப்படி நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் இந்த முனை மலாக்கா மாநிலத்துக்கு உரியது. மேலே நிற்கும் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. தீபகற்பத்திலிருந்து சுமத்ராவுக்கு அருகிலுள்ள ருப்பாட் தீவு இங்கிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான்.

1606 ஆகஸ்டு 16 முதல் 18 வரை இந்த முனைக்கு எதிரே டச்சுக் கப்பல்களும் போர்த்துகீசியக் கப்பல்களும் மோதின. மலாக்காவை முற்றுகையிட வந்த கார்னெலிஸ் மாட்டெலீஃப் தலைமையில் 11 டச்சுக் கப்பல்கள்; எதிரே கோவாவிலிருந்து வந்த போர்த்துகீசிய ஆளுநர் மார்ட்டிம் அஃபோன்சோ டி காஸ்ட்ரோவின் கப்பற்படை. டச்சுத் தரப்பில் நாசாவ், மிடல்பர்க் ஆகியவையும், போர்த்துகீசியத் தரப்பில் இரண்டு கப்பல்களும் தீப்பற்றி மூழ்கின. 1993இல் அவற்றின் சிதைவுகள் கண்டறியப்பட்டன. 1995இல் நாசாவ் கப்பலில் அகழாய்வு நடந்தது. ஜெட் ஸ்கீயில் வருபவர் கண்ணுக்கு நீரைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் மலாக்கா யார் கைக்குப் போவது என்ற நெடும் போராட்டத்தின் ஒரு களம் அந்த நீருக்கு அடியில் கிடக்கிறது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் உள்ளிட்ட கொன்றுண்ணிப் பறவைகள் இந்த முனையில்தான் கரையேறுகின்றன. மார்ச் மாதத்தில் மலேசிய இயற்கைக் கழகம் இங்கே பறவை காணும் நிகழ்வை நடத்துகிறது. முனையைச் சுற்றிப் பவளப்பாறைகளும் உள்ளதால் வேகத்தைக் குறைத்து, தள்ளியே செல்ல வேண்டும்.

ஜெட் ஸ்கீ எப்படி இயங்குகிறது?

ஜெட் ஸ்கீ என்பது கவாசாக்கி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த, நின்றுகொண்டு ஓட்டும் வாகனத்தின் வணிகப் பெயர். இன்று இருவர், மூவர் உட்கார்ந்து செல்லும் எல்லா வகைக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது.

இதற்கு வெளியே சுழலும் விசிறி இல்லை. அடிப்பக்கத் துளை வழியாக நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறி அதைப் பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலே வாகனத்தைத் தள்ளுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் குழாய் திரும்புகிறது. நீர் வேறு திசையில் பாய, வாகனமும் திரும்புகிறது.

புதிதாக ஓட்டுபவர் உயிரைக் காக்கும் பாடம் இதில்தான் இருக்கிறது. விசையை விட்டுவிட்டால் பீய்ச்சல் நின்றுவிடும். பீய்ச்சல் நின்றால் பழைய வகை ஜெட் ஸ்கீக்கள் திரும்பாது. எதிரே ஒருவரைக் கண்டு பதறி விசையை விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் திருப்பினால், முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வாகனம் நேராகவே போய் மோதும். விலக வேண்டுமானால் சிறிதளவாவது விசை கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். பிரேக் வசதி பிந்திய காலத்துச் சில வகைகளில்தான் உண்டு. வாடகைக்கு எடுக்கும் வண்டியில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறுவதற்கு முன்

மிதவைச் சட்டை: நீச்சல் தெரிந்தவரும் அணிய வேண்டும். உடலோடு ஒட்டி, எல்லாக் கொக்கிகளும் பூட்டியிருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் முகவாய்க்கு மேலே ஏறும் சட்டை அளவில் பெரியது.

நிறுத்துக் கயிறு: ஒரு முனை வண்டியில், மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டில் அல்லது சட்டையில். அவர் விழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். கயிறு இல்லாத வண்டியில் ஏற வேண்டாம்.

உடை: பின்னால் உட்கார்ந்திருப்பவர் பின்பக்கமாக விழுந்தால், பீய்ச்சும் நீரின் அழுத்தம் உடலுக்குள் கடும் காயம் ஏற்படுத்தக்கூடும். அதனால்தான் தடித்த நீச்சல் கால்சட்டை அணியும்படி உற்பத்தியாளர்கள் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். சேலை, துப்பட்டா, நீண்ட முடி, தொங்கும் நகை ஆகியவை உறிஞ்சும் துளையில் சிக்கலாம்.

வயது: 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது என்பது உற்பத்தியாளர்களின் பரிந்துரை. கால் தரையில் படாத சிறு பிள்ளையை முன்னால் உட்கார வைத்துப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. மோதினால் முதலில் கைப்பிடியில் இடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

ஆழம்: ஏறத்தாழ இடுப்பளவு, அதாவது 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த நீரில் எஞ்சினை இயக்கக் கூடாது. மணலையும் பிளாஸ்டிக் பையையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

கவிழ்ந்தால்: எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்பது பின்பக்கத்தில் அம்புக்குறியால் காட்டப்பட்டிருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமாகவே புரட்டி, பின்புறமாக ஏற வேண்டும்.

நடத்துநரிடம் கேட்க வேண்டியவை

உரிமம் உண்டா, காப்பீடு பயணிகளுக்கும் பொருந்துமா, வண்டி பழுதானால் யார் வந்து இழுத்துவருவார்கள், வழிகாட்டியிடம் தொடர்புக் கருவி உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் பணம் கொடுப்பதற்கு முன்பே பதில் வாங்க வேண்டும். வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்பியதும் எழும் வாக்குவாதத்தைத் தவிர்க்கலாம். பயிற்சி தராமல் சாவியை நீட்டும் இடத்தில் விலை குறைவாக இருந்தாலும் ஏறாமல் இருப்பதே நல்லது.

குளிப்பவர்களும் ஜெட் ஸ்கீயும் ஒரே நீரில் இருப்பதுதான் இந்தக் கரையின் பெரிய சிக்கல். மிதவைக் கயிறு கட்டிப் பிரிக்கப்பட்ட இடமாக இருந்தால் ஓட்டுபவர் அதற்குள் நுழையக் கூடாது. குளிப்பவர் அதைத் தாண்டக் கூடாது. பிரிக்கப்படாத இடத்தில், ஜெட் ஸ்கீ புறப்படும் பக்கத்தை விட்டுத் தள்ளியே பிள்ளைகளை இறக்க வேண்டும். மிதக்கும் தலை அலைகளுக்கு நடுவே ஓட்டுபவரின் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

எப்போது போகலாம்?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து வரும் காற்றுப் புயல் விடியற்காலையிலும் காலையிலும் திடீரென வீசும். மேற்கே வானம் கருத்து, காற்று குளிர்ந்தால் உடனே கரை திரும்ப வேண்டும். இந்தக் கடலில் ஜெல்லி மீனும் உண்டு. கொட்டியதாகத் தெரிந்தால் நீரை விட்டு வெளியேறி மருத்துவ உதவி நாடவேண்டும். அவசரத்துக்கு 999.

திரும்பும் வழியில் லுக்குட்டில் நிறுத்தி, குன்றேறிக் கோட்டை அகழியையும் அதன் அருகிலுள்ள லுக்குட் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். நாசாவ் கப்பல் தொடர்பான காட்சிப் பொருள்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. தஞ்சோங் துவான் எதிரே நீராக மட்டுமே தெரிந்த போரின் மிச்சத்தை அங்கே கண்ணாடிப் பேழைக்குள் காணலாம்.