முழங்கால் மூட்டும் திருகாணியும்



மட்டக்களப்பு நாட்டிலே கண்ணகையம்மன் வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்த பழைய ஆட்டம் ஒன்று உண்டு. கொம்புமுறி என்பது அதன் பெயர். ஊர் மக்கள் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். வளைந்த, வைரம் பாய்ந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பிணித்து, இரு புறத்தாரும் இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றதாகும். கொம்பு எத்துணை வைரமுடையதாயினும், அதனைப் பிணித்த கட்டு நெகிழ்ந்துவிடின் இழுப்பவர் வலிமையெல்லாம் வீணாய்ப் போகும் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், இன்று யாம் சொல்லப் புகும் வரலாறு முழுவதும் அந்தக் கட்டைப் பற்றியதேயாகும்.

முழங்காலின் உள்ளே, தொடையென்பையும் கணைக்காலென்பையும் பிணைத்து நிற்கும் இரண்டு நார்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால் சிலுவைப் பிணைநார்கள் எனப்படும். இவற்றுள் முன்னே நிற்பது, கணைக்காலென்பு முன்னோக்கி வழுகாவண்ணம் தடுக்கின்றது. கால் முறுகும்போது மூட்டைக் காக்கின்றது. சிறுவிரலளவு தடிப்புமில்லாத இந்த நார், இளம் வயதினரிடத்தில் ஏறத்தாழ 2,160 நியூற்றன் இழுவையைத் தாங்கவல்லது என 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கண்டது. அஃதாவது, 220 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாற் போன்ற இழுவை.

அத்துணை வலிய நாரும் அறுந்துபோவதுண்டு. பாதம் நிலத்திற் பதிந்து நிற்க, உடம்பு மட்டும் சடுதியாகத் திரும்புகின்ற கணமே அதற்கு ஆபத்தான கணம். உதைபந்தாட்டத்திலும் கூடைப்பந்தாட்டத்திலும் இது பெரிதும் நிகழ்கின்றது. ஆட்டக்காரருக்கு மட்டுமே உரிய நோய் இது என எண்ண வேண்டா. படுவான்கரை வயலிலே சேற்றில் கால் புதைய நின்று மூட்டையோடு திரும்புகின்ற உழவனுக்கும், எழுவான்கரையிலே ஈரத் தோணியில் வழுக்குகின்ற வலைஞனுக்கும் அது நேரலாம். உள்ளே 'படக்' என்றொரு ஓசை. சில மணி நேரத்துள் வீக்கம். சில வாரங்களில் வீக்கம் வற்றிவிடும். ஆறிவிட்டது என்று எழுந்து நடப்பவர், திரும்பும் வேளையில் முழங்கால் தம்மைக் கைவிடுவதை அப்பொழுதுதான் உணர்வர்.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்போடு எலும்பைப் பிணைப்பது பிணைநார். தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். நாண் என்பது வில்லின் கயிறு. முற்காலத்தில் யாழின் தந்திக்கும் உடம்பினுள் ஓடும் இழைக்கும் நரம்பு என்ற ஒரே சொல் வழங்கிற்று. மேனாட்டு வைத்தியம் தமிழில் நுழைந்தபோது இந்தப் பொதுச்சொல் போதாதாயிற்று. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், 1867 ஆம் ஆண்டில் 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டபோது இத்தகைய இடர் பலவற்றை எதிர்கொண்டிருப்பார். பின்னர் 1936 இல் சென்னையில் அறிவியற் சொற்களை ஆக்கக் கூடிய அறிஞர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். யாழ் நரம்பின் கணக்கை ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' தந்தவரும் அவரே. நரம்பு எத்துணை நல்லதாயினும், அதன் இரு நுனியும் அசையாது நின்றாலன்றிச் சுரம் நில்லாது என்பது இசைவாணர் அறிந்ததே. முழங்காலும் அவ்வாறே.

இனி வரலாற்றுக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியர் இந்நார்களை அறிந்திருந்தார். 1836 இல் ஜேர்மனியின் கெற்றிங்கனில் வில்ஹெல்ம், எடுவர்ட் வேபர் என்னும் சகோதரர், முன் நாரை அறுத்துவிட்டால் கணைக்கால் முன்னும் பின்னும் வழுகுவதைக் காட்டினர். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கம் வேபர் அரங்கம் என அழைக்கப்படுவதை நேயர் அறிவீர்கள். அப்பெயர் புனித மிக்கேல் கல்லூரியிற் பணிபுரிந்து இளைஞரை விளையாட்டிற் பயிற்றிய அமெரிக்க இயேசுசபைத் துறவி ஒருவரின் நினைவாக இடப்பட்டது. பெயரொற்றுமை தற்செயலானதே; எனினும் இளையோர் முழங்கால்கள் பல சோதனைக்குள்ளாகும் இடத்துக்கு அப்பெயர் வாய்த்தது வியப்பிற்குரியது.

அறுந்த நாரைத் தைத்தவர் எனப் பெயர்பெற்றவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மேயோ றொப்சன். 1895 இல் நாற்பத்தொரு வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முழங்காலைத் திறந்து, அறுந்த நார்களைத் தைத்தார். அந்நோயாளி மீண்டும் தொழிலுக்குத் திரும்பினார் என 1903 இல் எழுதினார். ஆயின் இந்நல்விளைவு எல்லாருக்கும் வாய்க்கவில்லை. மூட்டினுள் ஊறும் நெய்ப்புநீர், அறுந்த நுனிகளை இணைக்கவேண்டிய குருதிக் கட்டியைக் கரைத்துவிடுகின்றது. ஆகவே, தைத்தாலும் நார் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. நம் முறிவு நெரிவு வைத்தியர்கள் எண்ணெயும் பத்தும் கட்டும் கொண்டு எத்தனையோ முறிவுகளைச் செவ்வனே ஆற்றியுள்ளனர். அவர்தம் கைத்திறனுக்கு இந்த ஒரு நார் அடங்காமற் போனதன் காரணமும் இதுவேயாகும். அது அவர் குறையன்று. நார் இருக்கும் இடத்தின் இயல்பு.

தைத்தல் பயனற்றதாயின், புதிய நாரொன்றை இடவேண்டும். முதல் உலகப் போர்க்காலத்தில், 1917 இல், பிரிஸ்ரல் நகரத்து ஹே குறோவ்ஸ், தொடையின் புறத்தேயுள்ள உறையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, தொடையென்பிலும் கணைக்காலென்பிலும் துளையிட்டு அவற்றினூடே செலுத்தினார். நார் இருந்த பாதையிலேயே புதிய நாரை ஓடவிட வேண்டும் என்ற அவருடைய கருத்து இன்றளவும் மாறவில்லை. 1936 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து வில்லிஸ் கெம்பெல், முழங்காற் சில்லுக்குக் கீழேயுள்ள நாணின் ஒரு பகுதியைப் பயன்படுத்தினார். 1963 இல் கென்னத் ஜோன்ஸ், அந்நாணின் நடுப்பகுதியைச் சில்லின் எலும்புத் துண்டோடு சேர்த்தெடுத்தார். எலும்புத் துண்டு எலும்புத் துளைக்குள் இருந்தால் எலும்போடு எலும்பு பொருந்தி வளரும் அல்லவா? அதுவே இம்முறையின் நயம்.

ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குறை தீராது நின்றது. புதிய நாரின் நுனிகளை எதனாற் பிணைப்பது? நூலால் எலும்புறையோடு தைத்தனர். பொத்தானின் மேல் முடிச்சிட்டனர். ஆப்பைப் போன்ற உலோகக் கவ்விகளை அடித்தனர். யாவும் சில நாட்களில் சிறிது நெகிழும். நெகிழும் என்ற அச்சத்தால் நோயாளியின் காலை வாரக்கணக்காகச் சாந்துக்கட்டில் வைத்தனர். சாந்துக்கட்டில் இருந்த கால் மெலிந்தது. மூட்டு இறுகி மடங்காமற் போயிற்று. நாரைக் காக்கப் போய் முழங்காலை இழந்தோர் பலர். வாவிக்கரையில் நாளாந்தம் தோணி தள்ளி உண்பவனுக்கு, மூன்று மாதம் படுக்கையும் அதன்பின் மடங்காத காலும் எத்தகைய சிகிச்சையாகும்?

1983 இல் அமெரிக்கரான கென்னத் லம்பேட் வெளியிட்ட கட்டுரை இந்நிலையை மாற்றத் தொடங்கியது. 1958 இல் சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் கூடிய என்பு வைத்தியர் குழு ஒன்று, எலும்பு முறிவுக்கென வகுத்த கருவிகளுள் 6.5 மில்லிமீற்றர் பருமனுள்ள திருகாணியும் ஒன்று. லம்பேட் அதனையே எடுத்தார். ஆயின் எலும்பை ஊடறுத்துச் செலுத்தாமல், துளைக்குள் இருக்கும் எலும்புத் துண்டுக்கும் துளையின் சுவருக்கும் இடையேயுள்ள இடுக்கிற் செலுத்தினார். மண்வெட்டியின் காம்பு ஆடும்போது உழவன் என்ன செய்கின்றான்? காம்புக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு மரச்சிறாயை அறைகின்றான். அதுவே இங்கும் நிகழ்ந்தது. வேற்றுமை யாதெனில், இந்த ஆப்புக்குப் புரிகள் உண்டு. அவை ஒருபுறம் துண்டையும் மறுபுறம் சுவரையும் ஒருங்கே கடித்துப் பிடிக்கின்றன.

1987 இல் யப்பானியரான குரோசாக்காவும் தோழரும், இறந்தோர் முழங்கால்களில் வெவ்வேறு பிணைப்பு முறைகளை அமைத்து, ஒவ்வொன்றையும் அறுபடும்வரை இழுத்துப் பார்த்தனர். கொம்புமுறியேதான்! கண்ட முடிவு இதுவாகும்: புதிய நார் அறுவதற்கு முன்னர் கட்டே விட்டுப்போகின்றது. தையல், கவ்வி, லம்பேட்டின் 6.5 மில்லிமீற்றர் திருகாணி ஆகியவற்றிலும் மேலாக, இதற்கெனவே அவர்கள் செய்த 9 மில்லிமீற்றர் திருகாணி உறுதியாக நின்றது. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1984 இல், நோயிஸ் என்பாரும் உடனாய்வாளரும் சில்லு நாணின் அகன்ற கீற்று இயற்கை நாரினும் வலியது என அளந்து காட்டியிருந்தனர். எனவே குறை நாரில் இல்லை, நுனியில் என்பது ஐயமற விளங்கிற்று. எம் கருத்தில், இந்த வரலாற்றின் திருப்புமுனை குறோவ்ஸின் துளையன்று, இந்த இழுப்புச் சோதனையே.

நுனி உறுதியானபின், சாந்துக்கட்டின் தேவையும் குறைந்தது. 1990 இல் இண்டியானாப்பொலிசைச் சேர்ந்த ஷெல்போண், நோயாளிகளைத் தொடக்கத்திலேயே காலை நீட்டவும் ஊன்றவும் விட்டுப் பெற்ற நற்பயனை வெளியிட்டார். இதனிடையே, 1918 இல் தோக்கியோவில் தக்காகி தொடங்கி, வத்தனாபே செம்மை செய்த மூட்டு அகநோக்கியும் கைக்கு வந்துவிட்டது. பேனைத் தடிப்புள்ள அக்குழாயினூடே பார்த்து, மூட்டைப் பிளக்காமலே துளையிடவும் திருகவும் இயன்றது.

பின்னர்த் தொடையின் பின்புற நாண்களை மடித்து நான்கிழையாக்கிப் பயன்படுத்தும் முறை பரவியது. இதில் எலும்புத் துண்டு இல்லை. வெறும் நாணே துளைக்குள் இருக்கும். கூர்மையான புரி அதனை அறுத்துவிடும். ஆதலால் புரியின் விளிம்பை மழுங்கச் செய்த திருகாணிகள் 1990களில் வந்தன. உருக்கின் இடத்தைத் தைத்தானியம் பிடித்தது. பாலமிலச் சேர்வையாற் செய்யப்பட்டு உடம்பினுள் மெல்லக் கரைகின்ற திருகாணிகளும் தோன்றின. கரைதல் கேட்பதற்கு இனிது. ஆயின் சிலரிடத்தில் வீக்கமும் நீர்க்கட்டியும் உண்டாயின. செலுத்தும்போதே உடைந்தவையும் உண்டு.

திருகாணியின் ஆட்சி எத்தனை நாள்? 1993 இல் றோடியோவும் உடனாய்வாளரும் நாய்களிற் செய்த ஆய்வில், எட்டு வாரம் வரை இழுத்தபோது நாண் துளையிலிருந்தே கழன்றது. பன்னிரண்டாம் வாரத்தில் கழலவில்லை. எலும்பிலிருந்து வளர்ந்த நுண்ணிழைகள் நாணைப் பற்றிக்கொண்டன. ஆகவே திருகாணி காவல் நிற்பது ஏறத்தாழ மூன்று மாதமே. இது விலங்கிற் கண்டது; மனிதரில் காலம் வேறுபடலாம்.

நார் அறுந்தோர் யாவரும் சத்திரசிகிச்சைக்கு விரையவேண்டும் என்று கொள்ளற்க. 2010 இல் சுவீடன் நாட்டு ஆய்வொன்று, 121 இளைஞரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே சிகிச்சை செய்தது. மற்றப் பிரிவினருக்கு முறையான தேகப்பயிற்சியை அளித்து, தேவைப்படின் மட்டும் பின்னர்ச் செய்தது. ஈராண்டின் பின் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். பயிற்சியோடு தொடங்கிய 59 பேருள் 23 பேரே பின்னர் சத்திரசிகிச்சையை நாடினர். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, வைத்தியசாலையில் ஒருமுறை பெற்று வீட்டில் மறந்துவிடுவதன்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். படகேறியும் பேருந்தேறியும் வாரந்தோறும் வரவேண்டிய படுவான்கரை நோயாளிக்கு இதுவே திருகாணியிலும் கடினமான பகுதி.

திருகாணி இட்டுக்கொண்டவர்க்கு ஒரு சிறு செய்தி. புதிய நாரும் சிலருக்கு மீண்டும் அறுவதுண்டு. அப்பொழுது வேறொரு வைத்தியர், வேறொரு நகரில், பழைய திருகாணியைக் கழற்றவேண்டி வரலாம். அதன் தலையிலுள்ள குழி செய்வோருக்குச் செய்வோர் வேறுபடும். பொருந்தாத திருப்புளியால் அது அசையாது. எவ்வகைத் திருகாணி, எத்தனை மில்லிமீற்றர், எந்த ஆண்டில் இடப்பட்டது என்று எழுதிய வைத்தியசாலைத் துண்டை, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.