மயிலாடியில் மூண்ட கல்விச் சுடர்

நாஞ்சில் நாடு என்றதும் குளங்களும் நெல்வயல்களும் நம் நினைவுக்கு வரும். அவ்வயல்களில் விதைத்தவரும் அறுத்தவரும் நம் முன்னோர். நெல்லை விளைவித்தவர்க்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. அந்த இருளில் முதற்சுடர் மூண்ட ஊர், மருந்துவாழ் மலைக்கு அண்மையிலுள்ள மயிலாடி.

அவ்வூரில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகராசன், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சைக்குச் சென்றார். அங்கே திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவரது அழைப்பை ஏற்று, லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ஜெர்மானியர் றிங்கல்தௌபே 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடி வந்தார். அனுமதி எளிதில் கிட்டவில்லை. ரெசிடெண்ட் மெக்காலேயின் துணையால் தடை நீங்கி, 1809-இல் அங்கு ஆலயம் எழுந்தது; பள்ளியும் தோன்றியது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி முதலிய சுற்றூர்களுக்கும் பணி பரவியது. 1816-இல் றிங்கல்தௌபே நாடு நீங்கியபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே விட்டுச் சென்றார்.

1818-இல் வந்த சார்லஸ் மீட் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கு வளர்ந்த செமினரியே 1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. திருமதி மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். அடிமைப் பெண்கள் சிலர் அவ்வருவாயைக் கொண்டு தம் விடுதலையையே விலைகொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த பிரகடனமோ 1855-இல்தான் வந்தது!

சட்டம் மாறியும் அரசுப் பள்ளிகளின் கதவு உடனே திறக்கவில்லை. 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, பிள்ளைகளின் பள்ளி உரிமைக்காகப் போராடினார். ஊரூட்டம்பலத்தில் ஒரு சிறுமியைச் சேர்க்க முனைந்தபோது, பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தனர். ஒரு குழந்தை எழுத்தறிவதைக் காட்டிலும் பள்ளி சாம்பலாவதே மேல் என எண்ணிய காலம் அது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பாதிரிமாரின் கொடையாகவே சொல்வர். அவர்தம் தொண்டை நாம் மறவோம். ஆயினும் முதலில் நடந்த கால்கள் நம்முடையவை. முதலில் அழைத்த குரலும் நம்முடையது. கல்வி நமக்கு இரவலாக வந்ததன்று. நாம் தேடிக் கொணர்ந்தது.

மயிலாடியில் இன்று றிங்கல்தௌபே பெயரால் மேல்நிலைப்பள்ளி நிற்கிறது. அவ்வழி செல்லும் நம் இளைஞர், அவரை அழைத்து வந்தவரையும் நினைவுகூர்க. நம் தெருவில் இடையில் படிப்பை விட்ட பிள்ளை ஒன்றிருப்பின், அதன் கைப்பற்றி மீண்டும் பள்ளிவாயில் சேர்ப்போம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்திற்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.