வேலை போனால் வீடும் போகும்: கோலசிலாங்கூர் தோட்டங்களில் நம்மவர் குடியேறிய கதை

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்து இளையோர் பலர் இன்று வேலைக்காகக் கிள்ளான், கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அவர்களின் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்களில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளியரும் செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். மாலையில் லயத்து வாசலில் கைப்பேசியோடு உட்கார்ந்து, ஊரில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மவர்கள்தான். கைப்பேசி கிடையாது. கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். குடும்பத்தை விட்டு வந்த அவர்கள் இந்த வட்டாரத்தில் எப்படி வேரூன்றினார்கள்? வேரூன்றிய பிறகும் ஏன் பலர் மறுபடி மூட்டை கட்ட வேண்டி வந்தது? இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கங்காணி கைகாட்டிய வழி

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் முதலில் காப்பியும் தென்னையும் பயிரிடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் ஆயின. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கத் தோட்ட நிர்வாகங்கள் தமிழ்நாட்டை நாடின.

தொடக்கத்தில் இருந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் கைவிடப்பட்டது. அதற்குப் பின் ஓங்கியது கங்காணி முறை. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரையே துரை உரிமத்தோடு அவருடைய சொந்த ஊருக்கு அனுப்புவார். அவர் தன் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டி அழைத்து வருவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து இப்படி வந்தவர்கள் ஏராளம். பயணச் செலவை ஏற்க 1907இல் தமிழ்க் குடிநுழைவு நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய கட்டணமே அந்த நிதிக்கு ஆதாரம்.

நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் தங்கி, கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்குவார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம். 1972இல்தான் பெயர் மாறியது. இறங்கியவுடன் தோட்டத்துக்குப் போக முடியாது. நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் அடைபட்டிருந்து, சோதனை முடிந்த பிறகே அனுப்புவார்கள். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரை நம் பெரியவர்கள் பலர் இன்றும் மறக்கவில்லை.

தென்னமரம் தோட்டம்

இந்த வட்டாரத்துக்கு உலகச் செம்பனை வரலாற்றிலும் இடம் உண்டு. அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி போக்கொனியே செம்பனையை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அதன் பெயரே தமிழ்ப் பெயர் என்பதைக் கவனியுங்கள். நாட்டின் பெரும் ஏற்றுமதிப் பயிர் நம்மவர் வாயில் வழங்கிய பெயரைத் தாங்கிய மண்ணில் தொடங்கியது. அந்த மண் நம்மவர் பெயரில் பதிவாகவில்லை என்பதுதான் கதையின் மறுபக்கம்.

பழகியது எப்படி?

புதிதாக வந்தவருக்கு லயத்தில் ஓர் அறை கிடைக்கும். தனியாக வந்த ஆண்கள் பலர் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்வார்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். கிராணி பெயர் போடுவார். மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு ஆகியவை தொடக்க ஆண்டுகளில் பல உயிர்களைக் கொண்டுபோயின.

ஆனாலும் வந்தவர் முற்றிலும் அந்நியரிடையே இல்லை. கங்காணி ஓர் ஊரிலிருந்தே பலரைத் திரட்டி வந்ததால், பக்கத்து அறையில் சொந்த ஊர்க்காரர் இருப்பார். உறவு இல்லாதவரும் நாளடைவில் அண்ணன், மாமா, சித்தி ஆனார்கள். சொந்த அக்கா வர முடியாத ஊரில் பக்கத்து வீட்டு அக்காவே பேறுகாலம் பார்த்தார். ஆண்கள் இல்லாத வீட்டில் இழவு விழுந்தால் லயமே பாடை கட்டியது.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. ஊர்க்காரர் என்ற உரிமையோடு அரவணைத்த கங்காணியே மேற்பார்வையாளராகவும் இருந்தார். தன் ஆட்கள் வேலைக்கு வந்த நாள் கணக்குக்குத் தக்கபடி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. கடன் கொடுத்தவரும் அவரே. அவரை எதிர்த்துப் பேசினால் வேலைக்கும் ஆபத்து, உறவுக்கும் ஆபத்து.

சம்பளமும் மணியார்டரும்

1920களின் பிற்பகுதியில் அரசு நிர்ணயித்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இதில் அரிசி, சாமான் கடைக் கடன், கள்ளுக்கடைச் செலவு எல்லாம் போக மிஞ்சியதுதான் ஊருக்கு மணியார்டராகப் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிராணியோ பள்ளி ஆசிரியரோ கடிதம் எழுதித் தருவார். மனைவிக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவர் முன் சொல்லித்தான் எழுத வேண்டும். ‘இங்கு அனைவரும் நலம்’ என்ற வரியைத் தாண்டிக் கடிதம் நீளாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோயில், பள்ளி, சுடுகாடு

ஓரிடத்தில் தங்கிவிட்டார்கள் என்பதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்லலாம்.

முதலாவது கோயில். மரத்தடியில் சூலமோ கல்லோ நட்டுத் தொடங்கிய மாரியம்மன், முனீஸ்வரர், காளியம்மன் வழிபாடு பின்னர் தகரக் கூரையானது, அதன் பின் கற்கோயிலானது. ஆண்டுத் திருவிழாவுக்கு அடுத்த தோட்டத்து மக்களும் வருவார்கள். பெண் பார்ப்பது, சம்பந்தம் பேசுவது, ஊர்ச் செய்தி கேட்பது எல்லாம் அங்கேதான்.

இரண்டாவது பள்ளி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஒரே ஓர் ஆசிரியரோடு ஒரு கொட்டகையாகத்தான் இருந்தது. ஆயினும் பெண்களும் குழந்தைகளும் கூடி வாழும் இடமாகத் தோட்டம் மாறிவிட்டதை அது காட்டியது.

மூன்றாவது சுடுகாடு. தாயையோ தகப்பனையோ இந்த மண்ணில் அடக்கம் செய்தவர்களுக்கு ‘ஊருக்குத் திரும்புவோம்’ என்ற பேச்சு மெல்லக் குறைந்தது.

இந்த மூன்றும் நின்றது தோட்டத்தின் நிலத்தில். வீடும் அப்படியே. வேலை இருக்கும்வரைதான் கூரை. இந்த ஒரு நிபந்தனைதான் அடுத்து வந்த எல்லாத் துன்பங்களுக்கும் அடிப்படையாக இருந்தது.

அலைக்கழித்த ஆண்டுகள்

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தது. பல்லாயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் சம்பளம் குறைக்கப்பட்டது. 1938இல் இந்திய அரசு, நிதி உதவியோடு தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. அதோடு கங்காணி முறையின் காலம் முடிந்தது.

1941இல் கிள்ளானில் வெடித்த வேலைநிறுத்தம் கோலசிலாங்கூருக்கும் பரவியது. ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல் ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். அவற்றுள் இன்னொன்றும் இருந்தது. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதற்கே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது என்றால், அந்த வீடு யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை இறக்கப்பட்டது. உயிர்களும் பலியாயின.

அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் தமிழகத்தோடு கடிதப் போக்குவரத்து அறுந்தது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், ஏராளமானோர் திரும்பவில்லை. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் லயங்கள் முள்வேலிக்குள் வந்தன.

விடுதலைக்குப் பிறகும் நிம்மதி முழுமையாக வரவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பல பத்தாண்டு உழைத்தும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் இதனால் வேலை இழந்தனர். பல்லாயிரம் பேர் மீண்டும் கப்பலேறினர்.

துண்டாடலும் வெளியேற்றமும்

1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அழைக்கப்பட்ட இதனால் வேலையோடு வீடும் பறிபோனது. இதற்கு மாற்றாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வேலை செய்யும் மண்ணில் தனக்கும் பங்கு உண்டு என்று தொழிலாளி சொல்லிக்கொள்ள அது வழி செய்தது.

துண்டாடலுக்குப் பின் மேம்பாட்டுத் திட்டங்கள் வந்தன. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடினார்கள். கோரிக்கை வைத்தவர்களில் சிலர் சாவி கைக்கு வரும் முன்பே கண்ணை மூடிவிட்டார்கள் என்பது அக்குடும்பங்களின் தீராத வேதனை.

இன்று வேலைக்காக ஊர் மாறுவோருக்கு

முன்னோர் பட்ட பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

முதலாளி தரும் தங்குமிடத்தை வசதியாக மட்டும் கொள்ளுங்கள். அதையே வீடாக நம்பி இருந்துவிடாதீர்கள். ஊழியர் சேமநிதியின் சேஜாத்ரா கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்க முடியும். வாடகைக்குப் போனால் ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று முத்திரை வரி செலுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாக முகவரி மாறினால் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மைகார்ட் முகவரியை மாற்ற வேண்டும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதையும் சரிபாருங்கள். சேமநிதியில் வாரிசுதாரர் பெயரைப் பதிந்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

புதிய ஊருக்குப் போனதும் அங்குள்ள கோயிலையோ, தமிழ்ப்பள்ளியையோ, இளைஞர் மன்றத்தையோ தேடிப் போங்கள். லயத்தில் நம்மவர் அந்நியரை அண்ணனாக்கிக்கொண்டது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கடைசியாக ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்: தமிழகத்தில் எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம். பழைய பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, சங்கச் சந்தா புத்தகம் எதையும் குப்பையில் போடாதீர்கள். குடியுரிமைச் சிக்கலில் தவிக்கும் ஒரு பேரனுக்கோ பேத்திக்கோ அந்தத் தாள் ஒன்றே சாட்சியாக நிற்கக்கூடும்.

அடுத்த முறை தோட்டத்துப் பக்கம் போகும்போது, லயத்து வாசலில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் அந்த வெளிநாட்டுத் தொழிலாளியைப் பார்த்தால் ஒரு வார்த்தை நலம் விசாரியுங்கள். நம் தாத்தாவும் அப்படி உட்கார்ந்திருந்தவர்தான்.