மகஜர்

வீட்டில் போலீஸ் சோதனை நடந்தால், கைப்பற்றிய பொருள்களை ஒவ்வொன்றாக எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். ‘கறுப்பு நிறச் செல்போன் 1, திரையில் கீறல் உள்ளது’ என்கிற ரீதியில் போகும் அந்தத் தாள்தான் மகஜர். மனு என்ற பொருளிலும் இச்சொல் புழங்குகிறது. ‘கலெக்டரிடம் மகஜர் கொடுத்தனர்’ என்று செய்திகளில் வருமே, அது.

சொல் அரபியில் பிறந்து, பாரசீகம் வழியாக நம் கச்சேரிகளுக்கு வந்தது. வேர்ப்பொருள், நேரில் இருத்தல். கோர்ட்டில் ‘ஆஜர்’ ஆகிறோமே, அதற்கும் இதே வேர்தான். ஆக, ஆள்கள் முன்னிலையில் எழுதப்பட்டதுதான் மகஜர். நாலு சுவருக்குள் தனியே எழுதி வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இந்தியச் சட்டமும் முன்னிலையைத்தான் வற்புறுத்துகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103ஆம் பிரிவுப்படி குறைந்தது இரண்டு சுயேச்சையான சாட்சிகள் வேண்டும். குடியிருப்பவரை உடனிருக்க விட வேண்டும். கவனியுங்கள், ‘குடியிருப்பவர்’. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தாலும் வாடகைக்கு இருப்பவருக்கு இந்த உரிமை உண்டு.

வாரண்ட் இல்லாமல் வந்தால்? 185ஆம் பிரிவின்படி அதிகாரி காரணத்தை எழுதி வைத்து, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு நகல் அனுப்ப வேண்டும். விண்ணப்பித்தால் அந்த நகல் குடியிருப்பவருக்கும் இலவசம். மகஜர் பட்டியலின் நகலையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.