பாரமேற்றிய சைக்கிளின் ஹாண்டில்: ஜோன்ஸ் கட்டுரையின் ஒரு தவறான வாசிப்பு

பாரம் ஏற்றி நெடும்பயணம் போகும் சைக்கிளுக்கு ஹாண்டில் மந்தமாகத் திரும்புவதே சொகுசு என்ற கருத்து வடிவமைப்பு நூல்களில் வேரூன்றியிருக்கிறது. அதற்கு அடிப்படையாகக் காட்டப்படுவது 'டிரெயில்' என்ற அளவு. ஹாண்டில் சுழலும் அச்சை அதன் சாய்விலேயே கீழே நீட்டினால் அது ஓரிடத்தில் தரையைத் தொடும். டயர் அதற்குச் சற்றுப் பின்னால் தொடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே டிரெயில். அது கூடினால் வண்டி நேராக ஓடும், நேராக ஓடினால் கைகள் ஓயும் என்பது வாதம். இதன் முதற்பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதிக்குச் சான்று இல்லை.

சான்றாகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது டேவிட் ஜோன்ஸ் 1970இல் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் எழுதிய கட்டுரை. ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்ய அவர் முயன்றார். எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சில்லைப் பூட்டி முன்சில்லின் சுழல்விசையை ஈடுசெய்த வண்டியையும் எளிதாக ஓட்ட முடிந்தது. முன்கவையைப் பின்புறமாகத் திருப்பி டிரெயிலைக் கூட்டிய வண்டி, ஆளின்றித் தள்ளிவிட்டபோதும் விழாமல் வெகுதூரம் ஓடியது. சில்லை முன்னே தள்ளி டிரெயிலைக் குறைத்த வண்டிதான் ஓட்டுவதற்குப் பெரும்பாடாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, வெகுதூரம் ஓடிய வண்டியில் ஆள் இல்லை என்பது. கையும் இல்லை, பாரமும் இல்லை. ஆளில்லா வண்டி விழாமல் ஓடுவதற்கும் ஆறு மணிநேரம் ஓட்டியவரின் தோள் வலிக்காமல் இருப்பதற்கும் இடையே ஜோன்ஸ் பாலம் எதுவும் கட்டவில்லை. கட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். டிரெயில் சற்றே எதிர்மறையாக, சுழல்விசையும் ஈடுசெய்யப்பட்ட வண்டி தானாகவே நிலைத்து ஓட முடியும் என்று கூய்மனும் சகாக்களும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் காட்டிய பிறகு முதற்பாதிகூட ஆட்டம் கண்டுவிட்டது.

டிரெயில் கூடினால் கை ஓயுமா என்பதற்கு ஹுன்னஸ்கிரிய நல்ல சோதனைக்களம். கண்டியிலிருந்து கிழக்கே போகும் ஏ26 வீதி தெல்தெனியவைக் கடந்து அங்கே ஏறுகிறது. உடதும்பரவுக்கு அப்பால் 'பதினெட்டு வளைவு' என்று பெயர்பெற்ற கொண்டையூசி வளைவுகளில் மஹியங்கனையை நோக்கி இறங்குகிறது. ஏற்றத்தில் வேகம் மணிக்கு 6, 7 கிலோமீற்றருக்கு விழும்போது சமநிலைக்காக ஹாண்டிலை அடிக்கடி, அகலமாக அசைக்க வேண்டும். அச்சுக் கோணம் 72 பாகை, சில்லின் ஆரம் 345 மில்லிமீற்றர் என்று கொள்வோம். முன்கவையின் முன்தள்ளல், அதாவது ஹாண்டில் அச்சுக்கு முன்னால் சில்லின் அச்சு நிற்கும் தூரம், 45 மில்லிமீற்றரானால் டிரெயில் ஏறக்குறைய 65. முன்தள்ளல் 65 ஆனால் டிரெயில் 44. ஹாண்டிலை முழுதாகப் பக்கவாட்டில் திருப்பினால் சில்லின் அச்சு தாழும் அளவு முதலாவதில் 19 மில்லிமீற்றர், இரண்டாவதில் 13. தாழ்வு கூடக்கூட ஹாண்டில் தன் பாரத்தாலேயே ஒருபக்கம் சாய்ந்து விழப் பார்க்கும். முன்பைகளில் பத்துக் கிலோ ஏற்றினால் அந்த இழுப்பு இன்னும் வலுக்கும். ஓட்டுபவர் ஒவ்வொரு மிதிக்கும் அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்க வேண்டும். 'நிலையான' வண்டி கையைக் களைக்கச் செய்வது இங்கேதான்.

இறக்கத்தில் குறுகிய டிரெயில் ஆபத்து என்ற ஆட்சேபம் நீண்டநேரம் நிற்காது. சில்லை நேராக்கும் விசை வேகத்தோடு வளர்கிறது. முன்பைகளின் சடத்துவமும் சட்டென்ற திருப்பங்களைத் தணிக்கிறது. நடுக்கம் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியவை தளர்ந்த கரியர், முறுகும் சட்டம், உயரே கட்டிய பாரம். பாரம் சுமக்கும் யாழ்ப்பாணத்துச் சைக்கிள்களைக் காட்டி, டிரெயில் கூடுவதே நல்லது என்று வாதிடுவோரும் உண்டு. சமதரையில் ஓடும் வண்டி மலையேற்றத்துக்குச் சாட்சியாகாது.

ஆயினும் டிரெயில் குறைந்தால் கை குறைவாகக் களைக்கும் என்ற இந்த முடிவு முன்னால் பாரம் ஏற்றிய வண்டிக்கே பொருந்தும். பின் கரியரில் மட்டும் பாரம் கட்டினால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சில்லு இலேசாகி, ஹாண்டிலின் சாய்வும் தணிந்துவிடும். அந்த அமைப்பில் 44க்கும் 65க்கும் இடையிலான வேறுபாட்டைக் கை பெரிதாக உணராது. அத்தகைய வண்டியில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே போகும் ஒடுங்கிய பாதையில் சொகுசைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயரின் அகலமும் காற்றழுத்தமுமே.